சித்திர சபை ஓவியங்கள், குற்றாலம்

சிவன் ஆடிய ஐந்து சபைகளில் சிதம்பரம் பொன், மதுரை வெள்ளி, திருநெல்வேலி தாமிரம், திருவாலங்காடு இரத்தினம். குற்றாலத்துக்கு வாய்த்தது ஓவியம். குற்றாலநாதர் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி, தெப்பக்குளத்தருகே தனிக் கட்டடமாக நிற்கும் சித்திர சபையில், சிவகாமியோடு ஆடும் நடராசர் சுவரில் தீட்டப்பட்டவர். அந்த ஓவியமே மூலவர். மற்றச் சுவர்களில் திருவிளையாடல் கதைகள், மீனாட்சி கல்யாணம், துர்க்கையின் போர் எனப் பல காட்சிகள் நாயக்கர் பாணியில் விரிகின்றன.

இப்பாணி தென்பாண்டி நாட்டில் அரசாட்சிக்கும் துணை நின்றது. மதுரை மீனாட்சி கோயில் ஊஞ்சல் மண்டப விதானத்தில், அம்மனின் செங்கோலைப் பட்டர் கையிலிருந்து இராணி மங்கம்மாள் வாங்குகிறார். அருகே சிறுவனாகப் பேரன் விசயரங்க சொக்கநாதன். 1706 முதல் 1732 வரை ஆண்ட இந்தச் சொக்கநாதரே குற்றாலக் குறவஞ்சி பாடிய மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயருக்கு நிலம் கொடுத்தவர். கவிராயரின் இன்னொரு புரவலர் சொக்கம்பட்டிச் சின்னணஞ்சாத் தேவர். அந்தப் பாளையத்துக்கு வடகரை என்றும் பெயர்.

இராமநாதபுரம் இராமலிங்க விலாசத்திலோ இடையில் பட்டர் இல்லை. இராசராசேசுவரியே சேதுபதிக்கு நேராகச் செங்கோல் தருகிறாள். அரண்மனைச் சுவர் என்பதால் வந்த துணிச்சல் போலும்!

இதே நூற்றாண்டில் ஐரோப்பாவில் ரொக்கோக்கோ பாணி ஓங்கியது. 1752-53இல் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் அரண்மனைப் படிக்கட்டின் மேல்விதானத்தில் இத்தாலிய ஓவியர் தியெப்போலோ நான்கு கண்டங்களையும் கிரேக்க தேவர்களையும் தீட்டினார். ஐரோப்பாக் கண்டத்துக்கு மேலே, மேகங்களுக்கிடையே, அரண்மனைக்குரியவரின் உருவப்படம் உயர்கிறது. அவரே அரசர், அவரே ஆயர். செங்கோல் கொடுக்க இன்னொரு கை தேவைப்படவில்லை. வெளிர் நீலமும் இளஞ்சிவப்புமாக வானம் மிதப்பதால் அதிகாரத்தின் கனம் கண்ணில் படுவதில்லை. ரொக்கோக்கோவின் கெட்டிக்காரத்தனம் அது.

மதுரையிலும் வூர்ட்ஸ்பர்க்கிலும் சடங்கு ஓவியத்துக்குள் நடக்கிறது. குற்றாலத்தில் ஓவியத்துக்கே சடங்கு. மார்கழித் திருவாதிரை விழாவில் நடராசரின் உற்சவத் திருமேனி சபைக்கு எழுந்தருளும். பச்சை சாத்தித் தாண்டவ தீபாராதனை நடக்கும். சுவரோவியத்துக்குத் திருமஞ்சனம் செய்ய வழியில்லை. அதற்குரிய மரியாதை தீபமும் அலங்காரமுமே.

இன்று நாம் காண்பவை புதுப்பித்த ஓவியங்கள். மங்கினாலும் பழைய கோடே வேண்டும் என்பார்கள் கலை வரலாற்றாளர்கள். வழிபாட்டிலிருக்கும் மூலவரை மங்கிய நிலையில் விட்டுவைக்கக் கோயில் மரபு ஒப்பாது. இந்த இழுபறியால் இங்குள்ள ஓவியங்களைப் பாணியை மட்டும் வைத்துக் காலம் கணிப்பது கடினம்.