கார்டிகோஸ்டீராய்டு மருந்துகள்

கார்டிகோஸ்டீராய்டு என்பது சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அண்ணீரகச் சுரப்பிகளின் புறணி சுரக்கும் ஹார்மோன்களுக்கும், அவற்றைப் பின்பற்றி ஆய்வகத்தில் செய்யப்பட்ட மருந்துகளுக்கும் பொதுப்பெயர். ஹைட்ரோகார்டிசோன், பிரெட்னிசோலோன், மெத்தில்பிரெட்னிசோலோன், டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் ஆகியவை அடிக்கடி காதில் விழும் பெயர்கள். உடற்பயிற்சிக் கூடங்களில் தசை வளர்க்கப் போடும் ஸ்டீராய்டு வேறு இனம். பெயர்ப் பொருத்தத்தால் இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.

இம்மருந்தின் கதை மஞ்சள்காமாலையில் தொடங்குகிறது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பணியாற்றிய பிலிப் ஹென்ச், முடக்குவாத நோயாளி ஒருவருக்கு மஞ்சள்காமாலை வந்தபோது மூட்டுவலி தணிந்ததை 1929இல் கவனித்தார். கருவுற்ற பெண்களுக்கும் அப்படியே வலி குறைவதை அவர் பிறகு கண்டார். உடலே ஏதோ ஒரு பொருளைச் சுரந்து நோயை அடக்குகிறது என்பது அவருடைய ஊகம். அதே நிறுவனத்தில் எட்வர்ட் கெண்டல் அண்ணீரகப் புறணியிலிருந்து ஹார்மோன்களைப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தார். அவற்றில் ஒன்றை மெர்க் நிறுவனத்தின் லூயிஸ் சாரெட் மாட்டுப் பித்தத்திலிருந்து பல படிகளில் செய்துகாட்டினார். 1948 செப்டம்பர் 21 அன்று, படுக்கையை விட்டு எழவே திணறிய 29 வயதுப் பெண்ணுக்கு அம்மருந்தை ஊசியாகப் போட்டார்கள். சில நாட்களில் நடந்தார். ஒரு வாரத்துக்குள் கடைவீதிக்குப் போய் வந்தார். கார்டிசோன் என்று பெயர்பெற்ற அந்த மருந்துக்காக ஹென்ச், கெண்டல், சுவிட்சர்லாந்தில் தனியே ஆய்ந்த ததேயுஸ் ரைக்ஸ்டைன் மூவருக்கும் 1950இலேயே நோபல் பரிசு கிடைத்தது.

கொண்டாட்டம் அடங்குமுன் கணக்கும் வந்து நின்றது. முகம் நிலவுபோல் உப்பியது, சிலருக்கு மனம் கலங்கியது, மருந்தை நிறுத்தியதும் மூட்டுவலி முன்போலவே திரும்பியது. கார்டிசோன் நோயை வேரறுக்கவில்லை, அடக்கி வைக்கிறது என்பது அந்த முதல் ஓரிரு ஆண்டுகளிலேயே தெளிவாகிவிட்டது. இன்றைக்கும் இதைச் சொல்லித்தான் மருத்துவர்கள் மருந்துச்சீட்டை நீட்ட வேண்டியிருக்கிறது.

மருந்து எப்படி வேலை செய்கிறது என்பதிலேயே அதன் பக்கவிளைவுகளுக்கான காரணமும் அடங்கியிருக்கிறது. அது செல்லுக்குள் நுழைந்து ஓர் ஏற்பியைப் பற்றிக்கொண்டு உட்கருவுக்குப் போய், அழற்சியைத் தூண்டும் புரதங்களைச் செய்யும் மரபணுக்களின் வேலையைத் தணிக்கிறது. வீக்கம், சிவப்பு, சூடு, வலி எல்லாம் அடங்குகின்றன. ஆனால் அந்த ஏற்பி அநேகமாக உடலின் எல்லாச் செல்களிலும் இருக்கிறது. மூட்டுக்காக விழுங்கிய மாத்திரை கல்லீரலில் சர்க்கரையைக் கூட்டுகிறது, எலும்பைக் கரைக்கிறது, தோலை மெலியவைக்கிறது, கண்ணில் புரை வளர்க்கிறது, தூக்கத்தைக் கெடுக்கிறது, கிருமிகளை எதிர்க்கும் படையையும் சேர்த்தே தூங்கவைக்கிறது.

ஆகவே பாதுகாப்பு என்பது மருந்தை நோயுள்ள இடத்துக்கு மட்டும் அனுப்ப முடியுமா என்று பார்ப்பதில் தொடங்குகிறது. ஆஸ்துமாவுக்கான இன்ஹேலர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒருமுறை உறிஞ்சும்போது உள்ளே போகும் பியூடசோனைடு பெரும்பாலும் 100 அல்லது 200 மைக்ரோகிராம். வீசிங் முற்றியபின் பெரியவர்களுக்குத் தரும் பிரெட்னிசோலோன் நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் வரை போகும். மருந்துகள் வேறானாலும் இரண்டு அளவுகளுக்கும் நடுவே உள்ள தூரம் தெரிகிறது. ‘இன்ஹேலர் பழகிவிடும், மாத்திரையே போதும்’ என்று சொல்லும் குடும்பங்கள் உண்மையில் ஆபத்து கூடுதலான வழியையே தேர்ந்தெடுக்கின்றன. இன்ஹேலர் பிடித்தபின் வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டால் நாக்கில் வெள்ளைப் பூஞ்சை படிவதும் குரல் கம்முவதும் குறையும். இன்ஹேலரோடு பொருத்தும் ஸ்பேசர் குழாயை வைத்து இழுத்தால் தொண்டையில் தங்கும் மருந்தும் குறையும்.

களிம்பின் கதை வேறு. தோலில்தானே தடவுகிறோம் என்ற அலட்சியம் இந்தியாவில் பெரிய சிக்கலாகிவிட்டது. படர்தாமரைக்கு ஸ்டீராய்டும் பூஞ்சைக்கொல்லியும் கலந்த களிம்பை மருந்துக்கடையில் கேட்டு வாங்கித் தடவுகிறார்கள். அரிப்பு இரண்டே நாளில் அடங்கும். அடியில் பூஞ்சை பரவும். அதன் வட்ட வடிவமே சிதைந்துபோவதால் தோல் மருத்துவருக்கும் அடையாளம் காண்பது கடினமாகிறது. நிறம் வெளுக்கும் என்று முகத்தில் மாதக்கணக்கில் பூசியவர்களுக்குச் சிவப்பும் பருவும் முடியும் முளைக்கின்றன. நிறுத்தினால் முகம் எரிகிறது. இந்தியத் தோல் மருத்துவர்கள் இந்த நிலைக்கென்றே ‘ஸ்டீராய்டால் சேதமுற்ற முகம்’ என்று பெயர் வைக்க வேண்டியதாயிற்று. 2018இல் இந்திய அரசு 14 வகை ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாதவற்றின் பட்டியலில் சேர்த்தது. சட்டம் இருக்கிறது; கடை வாசலில் அது எவ்வளவு தூரம் செல்லுபடியாகிறது என்பது வாசகர் அறிந்ததே.

குழாயின் மேல் அச்சிட்ட சதவீதத்தை நம்பி வலிமையை எடைபோடக் கூடாது. 1 சதவீத ஹைட்ரோகார்டிசோன் மிக மென்மையானது. வெறும் 0.05 சதவீத குளோபெட்டசால் அதைவிடப் பன்மடங்கு வீரியமானது. முகம், இமை, அக்குள், தொடையிடுக்கு போன்ற மெல்லிய தோலுக்கு அது ஆகாது. எவ்வளவு தடவுவது என்பதற்கு விரல்நுனி அளவு உண்டு: பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கிய களிம்பு ஏறத்தாழ அரை கிராம். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கைப் பரப்புக்கு அது போதும். கண் சொட்டுமருந்தில் இன்னும் கவனம் வேண்டும். கண் அரிக்கும் குழந்தைகளுக்குப் பழைய சீட்டைக் காட்டித் திரும்பத் திரும்ப வாங்கிவிடும் ஸ்டீராய்டு சொட்டு, கண்ணுக்குள் அழுத்தத்தை ஏற்றிப் பார்வை நரம்பைச் சத்தமின்றி அரித்துவிடும்.

மாத்திரை தவிர்க்க முடியாத நோய்களும் உண்டு. தலையின் தமனிகளில் அழற்சி வந்தால் உடனே அதிக அளவில் ஸ்டீராய்டு தராவிட்டால் பார்வை போய்விடலாம். அங்கே தயங்குவதே தவறு. பொதுவாகக் காலையில் சாப்பிட்டபின் ஒரே வேளையாக விழுங்குவது வழக்கம். உடலின் சொந்தக் கார்டிசால் விடியலில்தான் உச்சம் தொடுகிறது. அதை ஒட்டிக் கொடுத்தால் இரவுத் தூக்கமும் தப்பும். சர்க்கரை நோயாளிகள் இங்கே ஏமாறக்கூடும்: காலை வெறும்வயிற்றுப் பரிசோதனை சரியாக இருக்க, பிற்பகலிலும் மாலையிலும் சர்க்கரை எகிறியிருக்கும். மூன்று மாதத்துக்கு மேல் போகும் சிகிச்சையென்றால் எலும்புக்குக் கால்சியம், வைட்டமின் டி, கண் பரிசோதனை, இரத்த அழுத்தம் ஆகியவற்றை முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. கூடவே வலிமாத்திரை விழுங்கினால் வயிற்றுப்புண் ஆபத்து கூடும்.

நம் நாட்டில் காசநோய்க் கிருமியை உறங்கும் நிலையில் சுமப்பவர்கள் ஏராளம். நீண்டகால ஸ்டீராய்டு அதை எழுப்பிவிடும். வெறுங்காலில் மண்ணை மிதிப்பவர்களின் குடலில் அறிகுறியின்றிப் பல்லாண்டு தங்கும் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் புழு, எதிர்ப்பாற்றல் தளர்ந்ததும் உடல் முழுதும் பரவி உயிரையே குடிக்கும். உயிருள்ள கிருமிகளைக் கொண்ட தடுப்பூசிகளையும் அதிக அளவு மருந்து எடுக்கும் காலத்தில் போடுவதில்லை.

அளவும் நேரமும் தவறினால் என்ன நடக்கும் என்பதற்குக் கொரோனாக் காலம் சான்று. 2020 ஜூனில் பிரிட்டனின் ரெகவரி ஆய்வு, நாளொன்றுக்கு 6 மில்லிகிராம் டெக்சாமெத்தசோனைப் பத்து நாட்கள் வரை கொடுத்ததில் செயற்கை சுவாசத்தில் இருந்தவர்களின் இறப்பு மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களின் இறப்பு ஐந்தில் ஒரு பங்கும் குறைந்ததாக அறிவித்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பயன் இல்லை. மலிவான, பழைய மருந்து ஒன்று அத்தனை உயிர்களைக் காத்தது. அடுத்த ஆண்டு இரண்டாம் அலையில், காய்ச்சல் கண்ட முதல் நாளிலிருந்தே வீட்டில் ஸ்டீராய்டு விழுங்கியவர்களும், கட்டுக்குள் வராத சர்க்கரையோடு அதிக அளவில் பெற்றவர்களும் நிறைய இருந்தார்கள். கருப்புப் பூஞ்சை பரவியதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணமாகக் கருதப்பட்டது. 2021 மே மாதத்தில் தமிழ்நாடு அதை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கியது.

எல்லாவற்றிலும் நுட்பமானது நிறுத்தும் கட்டம். வெளியிலிருந்து மருந்து வந்துகொண்டே இருந்தால் அண்ணீரகம் தன் உற்பத்தியைச் சுருக்கிக்கொள்ளும். ஐந்தாறு நாள் சிகிச்சையைப் பெரும்பாலும் அப்படியே நிறுத்தலாம். மூன்று வாரத்தைத் தாண்டிவிட்டால் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். உடலின் அன்றாடச் சுரப்புக்கு ஏறத்தாழ ஈடான 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோனை நெருங்கும்போது இறக்கம் இன்னும் மெதுவாகும். திடீரென விட்டால் களைப்பு, குமட்டல், தலைசுற்றல், இரத்த அழுத்தச் சரிவு என்று போய் உயிராபத்தில் முடியலாம். முகம் உப்புகிறதே என்று பயந்து தானாக நிறுத்துபவர்களும், ‘மூலிகை’ என்ற பெயரில் ஸ்டீராய்டு கலந்த மூட்டுவலிப் பொடியை அறியாமல் தின்று, தீர்ந்ததும் விட்டவர்களும் இப்படித்தான் அவசரப் பிரிவுக்கு வருகிறார்கள்.

குறைத்து முடித்தபிறகும் சுரப்பி முழுதாக மீள மாதங்கள் ஆகலாம். அந்த இடைவெளியில் கடுங்காய்ச்சல், விபத்து, அறுவை சிகிச்சை நேர்ந்தால் கூடுதல் ஸ்டீராய்டு தேவைப்படும். வாந்தியால் மாத்திரை தங்காவிட்டால் ஹைட்ரோகார்டிசோன் ஊசியே வழி. பிரிட்டனில் 2020 முதல் இத்தகையோர் கையில் ஓர் அவசர அட்டை கொடுக்கிறார்கள். அப்படி அட்டை இல்லாதவர்கள் மருந்தின் பெயர், அளவு, தொடங்கிய தேதி மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளலாம். பல் பிடுங்கப் போனாலும் அதை முதலில் காட்ட வேண்டும்.