வான்கள் போன வழியில் டாங்கிகள்

படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றைத் தன்னுள்ளே கொண்ட வான் ஒன்றில் ஏறி, மனம் விரும்பிய ஏரிக்கரையிலோ மலையடிவாரத்திலோ நிறுத்தி, இரவை அங்கேயே கழித்துச் செல்லும் பயணமுறை இன்று ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் பெருவழக்காகிவிட்டது. புலம்பெயர்ந்து வாழும் எம்மவர் குடும்பங்கள் பலவும் கோடை விடுமுறையில் அவ்வாறு புறப்படுகின்றன. ஆயினும் இத்தகைய வான்கள் ஓடிய வழிகளில் மிக நீண்டதும் எழில்மிக்கதுமான ஒன்று, இன்று எந்தப் பயண முகவரும் பரிந்துரைக்கத் துணியாத நாடுகளின் ஊடாகச் சென்றது என்பது பலருக்கு வியப்பளிக்கக்கூடும்.

லண்டனிலோ அம்ஸ்ரடாமிலோ தொடங்கி இஸ்தான்புல், தெஹ்ரான், ஹெராத், கந்தஹார், காபூல், லாகூர், டில்லி என்று நீண்டு காத்மண்டுவில் முடிந்த, ஏறத்தாழ 10,000 கிலோமீற்றர் வழி அது. ‘ஹிப்பி பாதை’ என்ற பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. நீண்ட கூந்தலையும் கஞ்சாப் புகையையும் மட்டுமே அப்பெயர் நினைவூட்டுகின்றது. ஆனால் அவ்வழியே சென்றவர்களில் ஆசிரியர்கள், தாதியர், ஊர் திரும்பிய அவுஸ்திரேலியர், ஓய்வூதியம் பெற்றோர் எனப் பலதரத்தினரும் இருந்தனர்.

இதற்கு வாய்ப்பளித்த வாகனம் யுத்தத்தில் நொறுங்கிய ஜேர்மனியிலிருந்து வந்தது. 1947 ஏப்ரலில் பென் பொன் என்ற ஒல்லாந்து வாகன இறக்குமதியாளர், பெட்டி வடிவ வான் ஒன்றைத் தமது குறிப்பேட்டில் கீறிக்காட்டினார். 1950இல் வொல்ப்ஸ்பேர்க் நகரில் வொக்ஸ்வாகன் நிறுவனம் அதனை உற்பத்தி செய்யத் தொடங்கியது. அடுத்த ஆண்டே வெஸ்ற்பாலியா என்ற நிறுவனம் அதனுள் படுக்கையும் அலுமாரியும் பொருத்தக்கூடிய சாதனத்தை விற்பனைக்கு விட்டது. வானின் இயந்திரம் ஆரம்பத்தில் 25 குதிரைவலு மட்டுமே கொண்டது. மலையேற்றத்தில் மாட்டுவண்டியை நினைவூட்டும் வேகம். ஆனால் அது காற்றினால் குளிர்விக்கப்படும் இயந்திரம் என்பதால், கொதித்துப்போக றேடியேற்றரோ அதில் ஊற்றத் தண்ணீரோ தேவைப்படவில்லை. பாலைவனத்திலே அதுவே பெரும் வரப்பிரசாதமாயிற்று.

இஸ்தான்புல் நீல மசூதிக்கு அண்மையில் 1957இல் திறக்கப்பட்ட லாலே உணவகம், ‘புடிங் கடை’ என்ற பெயரில் இப்பயணிகளின் தலைவாசலாக விளங்கியது. சுவரிலிருந்த அறிவித்தற் பலகையே அவர்களது தபாலகம். 1973 ஒக்ரோபரில் பொஸ்பொரஸ் பாலம் திறக்கப்படும்வரை வான்கள் படகில் ஏறியே ஆசியக் கரையை அடைந்தன. அங்கிருந்து அனற்றோலியப் பீடபூமி. பட்டுப்பாதை வணிகரின் ஒட்டகங்கள் ஒருநாள் நடக்கும் தூரத்திற்கு ஒன்றாகச் செல்யூக் மன்னர்கள் கட்டிய சத்திரங்கள் இப்போதும் அங்கே நிற்கின்றன. அக்சராய் அருகிலுள்ள சுல்தான் ஹான் 1229ஆம் ஆண்டிற்குரியது. அக்கோட்டைச் சுவர்களின் வெளியே வானை நிறுத்தி உறங்கியவர்கள், எழுநூறு ஆண்டு பழைமையான ஒரு வழக்கத்தையே தொடர்ந்தார்கள் எனலாம். கிழக்கே 5,137 மீற்றர் உயரமான அரராத் பனிமலை. அதன் காலடியில் ஈரானிய எல்லை.

வாகனங்களுக்குச் சுங்கப் பிணைப் பத்திரமும், ஆட்களுக்குத் தடுப்பூசிச் சான்றிதழும் விசாவும் கையிலிருந்தால் போதும், எல்லைகள் திறந்தன. அக்காலத்துத் தாராளம் அது.

ஆப்கானிஸ்தானில்தான் இவ்வழியின் உண்மையான வரலாறு இருக்கின்றது. மன்னர் சாஹிர் ஷாவின் ஆட்சிக் காலத்தில், பனிப்போரின் இரு வல்லரசுகளும் அந்நாட்டைத் தம்பக்கம் இழுக்க வீதிகளை அமைத்துக் கொடுத்தன. ஹெராத்திலிருந்து கந்தஹார் வரையான வீதியைச் சோவியத் ஒன்றியம் கொங்கிறீற்றினால் அமைத்தது. கந்தஹாரிலிருந்து காபூல் வரையான சுமார் 480 கிலோமீற்றரை அமெரிக்கா தார் வீதியாக்கியது. மேற்கிலிருந்து வந்த வான் சாரதி, கந்தஹாரைத் தாண்டியதும் சக்கரங்களின் ஓசை மாறுவதைக் கொண்டே ஒரு வல்லரசின் கொடையிலிருந்து மற்றதன் கொடைக்குத் தான் வந்துவிட்டதை உணர்ந்திருப்பார். காபூலுக்கு வடக்கே, இந்துகுஷ் மலையைக் குடைந்து ஏறத்தாழ 3,400 மீற்றர் உயரத்தில் சோவியத் பொறியியலாளர்கள் அமைத்த சாலாங் சுரங்கப்பாதை 1964இல் திறக்கப்பட்டது. போட்டியின் பயனைப் பெரிதும் அனுபவித்தவர்கள் மூன்றாம் தரப்பினரான இந்த நாடோடிப் பயணிகளே.

காபூலில் சில நாட்கள் தங்கியவர்கள் மேற்கே மலைப்பாதையில் பாமியானுக்குத் திரும்பினர். செங்குத்தான பாறையில் 55 மீற்றரும் 38 மீற்றரும் உயரமான இரு புத்தர் சிலைகள். ஏழாம் நூற்றாண்டில் சீன யாத்திரிகர் யுவான் சுவாங் கண்டு எழுதிய அதே சிலைகள். உள்ளே குடையப்பட்ட படிகளில் ஏறிப் பெரிய புத்தரின் தலைக்கு மேலிருந்து பள்ளத்தாக்கைப் பார்க்க முடிந்தது. மேலும் சுமார் 75 கிலோமீற்றர் மேற்கே பந்த்-இ-அமீர் ஏரிகள். நீரில் கரைந்திருந்த சுண்ணாம்புச்சத்து நூற்றாண்டுகளாகப் படிந்து, தானே அணைகளாக உயர்ந்து ஆறு ஏரிகளைத் தேக்கி வைத்திருக்கின்றது. மரமற்ற காவிநிற மலைகளுக்கிடையே ஆழ்ந்த நீலநிறத் தண்ணீர். அக்கரையில் வான் கதவைத் திறந்துவைத்து விழித்தெழுந்த காலைகளைப் பற்றி அக்காலப் பயணிகள் எழுதியிருப்பவற்றை வாசிக்கையில் பொறாமை ஏற்படாமலில்லை. டொனி வீலர், மொறீன் வீலர் என்ற இளந் தம்பதியினர் 1972இல் லண்டனிலிருந்து பழைய வான் ஒன்றில் இவ்வழியே வந்து, அதனைக் காபூலில் விற்றுவிட்டு அவுஸ்திரேலியா சேர்ந்தனர். மறு ஆண்டு அவர்கள் வெளியிட்ட சிறு நூலிலிருந்தே ‘லோன்லி பிளானற்’ பதிப்பகம் பிறந்தது.

எனது தலைமுறைப் பத்திரிகையாளருக்குக் கந்தஹார் என்றால் 1999 டிசம்பரில் கடத்தப்பட்ட இந்திய விமானம் நின்ற இடம். ஹெராத் என்றால் குண்டுவெடிப்புச் செய்தி. வெளிநாட்டுச் செய்திகளை மொழிபெயர்த்த காலத்தில் இவ்வூர்ப் பெயர்களை எத்தனையோ தடவை எழுதியுள்ளோம். இவை ஒருகாலத்தில் உல்லாசப் பயணிகளின் தங்குமிடங்கள் என்பது அந்தச் செய்திகளின் ஒரு வரியிலும் இருந்ததில்லை.

இந்தியாவை அடைந்தோரில் ஒரு பகுதியினர் தெற்கே இறங்கிக் கப்பலேறித் தலைமன்னாருக்கும் வந்தனர். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த பின்னர் அக்கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து புறப்பட்டது. ஹிக்கடுவையும் அறுகம் குடாவும் வெளிநாட்டு இளைஞரிடையே பெயர்பெற்றது 1970களில்தான். 1980களில் எமது நாட்டுப் போர் அக்கப்பல் சேவையையும் நிறுத்தியது.

அதற்கு முன்னரே மேற்கில் வழி அடைபட்டுவிட்டது. 1973 ஜூலையில் மன்னர் பதவி இழந்தார். 1978 ஏப்ரலில் காபூலில் இரத்தப் புரட்சி. 1979 ஜனவரியில் ஷா ஈரானை விட்டு வெளியேறினார். நவம்பரில் தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் இறுதியில் சோவியத் படைகள் இரு முனைகளில் ஆப்கானிஸ்தானுள் நுழைந்தன. ஓர் அணி அமு தரியா ஆற்றைக் கடந்து சாலாங் சுரங்கத்தினூடாகக் காபூலுக்கு இறங்கியது. மற்றைய அணி குஷ்காவிலிருந்து ஹெராத் ஊடாகக் கந்தஹார் நோக்கி, வான்கள் சென்ற அதே கொங்கிறீற் வீதியில் நகர்ந்தது. பாரந்தாங்கும் வகையில் அதை அமைத்தவர்கள் அதன் வேறு பயன்பாட்டை ஆரம்பத்திலேயே எண்ணியிருந்தார்களா என்ற ஐயத்தைப் பலர் பின்னாளில் எழுப்பினர். எண்ணியிருந்தாலும் இல்லாவிட்டாலும், நன்கொடையாக வந்த வீதி எத்திசையிலும் பயணிக்க இடந்தரும் என்பதை ஆப்கானியர் மிகுந்த விலை கொடுத்தே அறிந்தனர்.

பாமியான் புத்தர்களைத் தாலிபான்கள் 2001 மார்ச்சில் வெடிவைத்துத் தகர்த்தனர். பந்த்-இ-அமீர் 2009இல் அந்நாட்டின் முதலாவது தேசியப் பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. அதற்கு முன்னின்று உழைத்தவர்களில் ஒருவர், நாட்டின் முதலாவது பெண் மாகாண ஆளுநராகப் பாமியானில் பதவி வகித்த ஹபீபா சராபி. 2021இல் மீண்டும் ஆட்சியைப் பிடித்த தாலிபான் நிர்வாகம், 2023 ஓகஸ்டில் அப்பூங்காவுக்குள் பெண்கள் செல்வதைத் தடைசெய்தது. அவர்கள் ஹிஜாபை முறையாக அணிவதில்லை என்று காரணம் கூறிய அமைச்சர், இயற்கைக் காட்சிகளைப் பார்ப்பது பெண்களுக்கு அவசியமான ஒன்றல்ல என்றும் சேர்த்துச் சொன்னார்.