நார்வேயின் தலைசிறந்த பனிச்சறுக்காளர் யார்? ஒரு விவாதத்தின் வரலாறு

நார்வேயின் பனிச்சறுக்கு வரலாற்றில் தலைசிறந்தவர் யார் என்ற கேள்வி அந்நாட்டு ரசிகர்களிடையே நூறாண்டுக்கு மேலாக விவாதிக்கப்பட்டு வருகிறது. தலைநகர் ஒஸ்லோவின் மேற்குப் புறத்தில் உள்ள ஹோல்மென்கொல்லன் குன்று இவ்விவாதத்தின் தாயகம். 1892 முதல் இங்கு ஆண்டுதோறும் போட்டிகள் நடக்கின்றன. போர் போன்ற சில காரணங்களால் மட்டுமே இடையில் நின்றன. தோர்லைஃப் ஹாவுக், பிர்கர் ரூட், பியோர்ன் டேலி, மரித் பியோர்கன், யொஹன்னஸ் ஹெஸ்ஃப்லொத் கிளேபோ ஆகியோர் இதில் அதிகம் பேசப்படும் பெயர்கள். விடை காலத்துக்குக் காலம் மாறியதற்கு வீரர்களின் திறமை மட்டும் காரணமல்ல. எதை வைத்து அளப்பது என்பதும் மாறிக்கொண்டே வந்தது.

தொடக்கம்

ஒஸ்லோ நகரம் கிறிஸ்டியானியா என்று அழைக்கப்பட்ட காலத்தில், 1868இல் அங்கு நடந்த போட்டியில் டெலிமார்க் பகுதியின் மோர்கெடால் ஊரைச் சேர்ந்த சோன்ட்ரெ நோர்ஹெய்ம் வென்றார். அப்போது அவருக்கு வயது 42. குதிகாலையும் சேர்த்துப் பிடிக்கும் கட்டுகளைக் கொண்டு தாவலையும் திருப்பங்களையும் வளர்த்தெடுத்தவர் என்று அவர் போற்றப்படுகிறார். ஏழைக் குடியானவரான அவர் 1884இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, 1897இல் வடக்கு டகோட்டாவில் காலமானார். 1952 ஒஸ்லோ குளிர்கால ஒலிம்பிக்கின் சுடர், மோர்கெடாலில் அவர் வாழ்ந்த வீட்டின் அடுப்பங்கரையில் ஏற்றப்பட்டது.

1883இல் தொடங்கப்பட்ட பனிச்சறுக்கு வளர்ச்சிச் சங்கம் முதலில் ஹூசெபி குன்றிலும், 1892 முதல் ஹோல்மென்கொல்லனிலும் போட்டிகளை நடத்தியது. ஹோல்மென்கொல்லனின் முதல் ஆண்டில் மிக நீண்ட தாவல் 21.5 மீட்டர். இன்று அதே குன்றில் 130 மீட்டரைத் தாண்டித் தரையிறங்குகிறார்கள். 1895இல் சங்கம் ஏற்படுத்திய ஹோல்மென்கொல்லன் பதக்கத்தைப் பனிச்சறுக்காளர்கள் மிக உயர்ந்த சிறப்பாக மதிக்கிறார்கள். 1923இல் திறக்கப்பட்ட பனிச்சறுக்கு அருங்காட்சியகம் உலகில் இவ்வகையில் மிகப் பழமையானது.

முழுமையான வீரர் என்ற அளவுகோல்

தொடக்க காலத்தில் காட்டில் ஓடவும் வேண்டும், மேட்டிலிருந்து தாவவும் வேண்டும். இரண்டிலும் தேர்ந்தவரையே மக்கள் முழுமையான வீரராக ஏற்றார்கள். இந்த அளவுகோலின்படி முதல் பேரரசர் தோர்லைஃப் ஹாவுக். ஹோல்மென்கொல்லனின் 50 கிலோமீட்டர் ஓட்டத்தை அவர் ஆறு முறை வென்றார். 1924இல் ஷாமோனியில் நடந்த முதல் குளிர்கால ஒலிம்பிக்கில் 18 கிலோமீட்டர், 50 கிலோமீட்டர், ஓட்டமும் தாவலும் இணைந்த போட்டி ஆகிய மூன்றிலும் தங்கம் பெற்றார். தாவலில் வெண்கலமும் அவருக்கே அறிவிக்கப்பட்டது.

அந்த வெண்கலத்தின் கதை இவ்விவாதத்தில் தனி இடம் பெற்றது. புள்ளிகளைக் கூட்டியதில் பிழை நேர்ந்திருந்தது. உண்மையில் மூன்றாமிடம் பெற்றவர், நார்வேயில் பிறந்து அமெரிக்காவுக்காகப் போட்டியிட்ட ஆண்டர்ஸ் ஹாவ்கன். ஐம்பது ஆண்டுகள் கழித்து அதைக் கண்டுபிடித்தவர், அதே ஷாமோனியில் ஹாவுக்குடன் நார்வே அணியில் இருந்த தோரால்ஃப் ஸ்ட்ரோம்ஸ்டாட். ஹாவுக் 1934இலேயே காலமாகியிருந்தார். 1974இல் ஒஸ்லோவில் ஹாவுக்கின் மகள் தம் தந்தையின் பதக்கத்தை முதியவரான ஹாவ்கனின் கையில் ஒப்படைத்தார். தன் நாட்டு நாயகனின் கணக்கிலிருந்து ஒரு பதக்கத்தை எடுக்க வேண்டி வந்தபோதும் நார்வே தயங்கவில்லை என்பது ரசிகர்கள் பெருமையுடன் நினைவுகூரும் செய்தி.

துணிவும் நேர்மையும்

கொங்ஸ்பெர்க்கைச் சேர்ந்த பிர்கர் ரூட் 1932, 1936 ஒலிம்பிக்குகளில் தாவலில் தங்கம் வென்றார். ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது ஆக்கிரமிப்பாளர்கள் நடத்திய போட்டிகளில் பங்கேற்க மறுத்தார். ஒஸ்லோ அருகிலுள்ள கிரினி முகாமில் அடைக்கப்பட்டார். 1948இல் பயிற்சியாளராக செயிண்ட் மோரிட்ஸ் சென்றவர், தாமே களமிறங்கி 36 வயதில் வெள்ளி பெற்றார். பதக்க எண்ணிக்கையில் பின்தங்கினாலும் அவர் பெயர் இன்றுவரை முன்வரிசையில் இருப்பது இதனால்தான்.

பெண்களுக்குத் தாமதமாகத் திறந்த களம்

1952 ஒலிம்பிக்கில் ஹோல்மென்கொல்லன் தாவலைக் காண ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டனர். நார்வேயின் ஆர்ன்ஃபின் பெர்க்மன் வென்றார். அதே ஒலிம்பிக்கில்தான் பெண்களுக்கான நெடுந்தொலைவு ஓட்டம் முதன்முறையாக இடம்பெற்றது. தூரம் 10 கிலோமீட்டர் மட்டும். மூன்று பதக்கங்களும் பின்லாந்துக்குப் போயின. நார்வேயின் பெண்கள் தொடரோட்டத்தில் 1968இல் தங்கம் வென்றனர். பெண்கள் தாவல் ஒலிம்பிக்கில் இடம்பெற 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

2010 மார்ச் 3 அன்று ஹோல்மென்கொல்லனின் புதிய தாவல் மேடையில் முதல் தாவலுக்குத் தாவல் வீராங்கனை ஆனெத் சாகன் தேர்ந்தெடுக்கப்பட்டார். முந்தைய இரவே ஓர் ஆண் வீரர் ரகசியமாகத் தாவிவிட்ட செய்தி நாடெங்கும் கோபத்தைக் கிளப்பியது. முதல் மரியாதையைக்கூட ஒரு பெண்ணுக்கு விட்டுக்கொடுக்க மனமில்லையா என்ற அந்தக் கேள்வி நியாயமானது. ஹோல்மென்கொல்லனில் பெண்களும் 50 கிலோமீட்டர் ஓடத் தொடங்கியது 2023இல்.

1982: உடைந்த ஊன்றுகோல்

ஒஸ்லோவில் நடந்த 1982 உலகப் போட்டியின் ஆண்கள் தொடரோட்டத்தில் கடைசிக் கட்டத்தை ஓடிய நார்வேயின் ஒட்வார் புரோவின் ஊன்றுகோல், சோவியத் வீரர் அலெக்சாந்தர் சவ்யாலோவுடன் மோதியதில் உடைந்தது. வேறொன்றை வாங்கிக்கொண்டு ஓடினார். இருவரும் ஒரே நேரத்தில் கோட்டைத் தொட்டதால் இரு அணிகளுக்கும் தங்கம் வழங்கப்பட்டது. “புரோவின் கோல் உடைந்தபோது நீ எங்கே இருந்தாய்?” என்று நார்வேயர் இன்றும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள். புரோ ஒலிம்பிக் தங்கம் ஒருபோதும் பெறவில்லை. ஆனாலும் அவரை விட்டுவிட்டு இந்த விவாதம் நடப்பதில்லை.

எண்ணிக்கையின் காலம்

தொலைக்காட்சி வீடுதோறும் வந்தபின் பதக்கக் கணக்கே முதல் வாதமாயிற்று. பியோர்ன் டேலி 1992 முதல் 1998 வரை மூன்று ஒலிம்பிக்குகளில் 8 தங்கம் உட்பட 12 பதக்கங்கள் வென்றார். 1994 லில்லெஹாமர் தொடரோட்டத்தில் இத்தாலியிடம் 0.4 விநாடியில் தோற்றபோது கடைசியாக ஓடியவரும் அவரே. 1998 நகானோவில் 10 கிலோமீட்டரை வென்றபின், கடைசியாக வந்துகொண்டிருந்த கென்ய வீரர் பிலிப் போயிட்டுக்காக முடிவுக்கோட்டில் காத்திருந்து அணைத்துக்கொண்டார். டேலியை முதலிடத்தில் வைப்போர் எட்டுத் தங்கத்துக்குச் சமமாக இந்தக் காத்திருப்பையும் சொல்வார்கள்.

துப்பாக்கி சுடுதலும் சேர்ந்த பயத்லானில் ஊலே ஐனார் பியோர்ன்டாலனும் 8 ஒலிம்பிக் தங்கங்களுடன் விடைபெற்றார். மரித் பியோர்கனுக்கும் 8 தங்கம். 2002 முதல் 2018 வரை அவர் பெற்ற ஒலிம்பிக் பதக்கங்கள் மொத்தம் 15. உலகப் போட்டிகளில் 18 தங்கம். 2015 இறுதியில் தாயான அவர் 2017 உலகப் போட்டியில் நான்கு தங்கம் வென்றார்.

ட்ரொண்ட்ஹெய்மின் கிளேபோ 2018இல் 21 வயதில் மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்றவர். தாத்தாவின் பயிற்சியில் வளர்ந்தவர். 2021 உலகப் போட்டியின் 50 கிலோமீட்டரில் முதலாவதாக வந்தும் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். குறுந்தூர வேகமே அவர் பலம் என்ற குறையை 2025இல் சொந்த ஊரில் நடந்த உலகப் போட்டியில் துடைத்தார்: 50 கிலோமீட்டர் உட்பட ஆறு போட்டிகளிலும் ஆறு தங்கம்.

அளவுகோல் பற்றிய வாதங்கள்

வெறும் எண்ணிக்கை காலங்களை ஒப்பிட உதவாது. 1924இல் ஹாவுக்குக் கிடைத்த ஓட்ட, தாவல் போட்டிகள் நான்கே. அதில் மூன்றை வென்றார். இன்றைய ஆண் வீரருக்கு நெடுந்தொலைவுப் பிரிவில் மட்டும் ஆறு வாய்ப்புகள். மெழுகு, சறுக்குப் பலகை, செப்பனிட்ட பாதை எல்லாமே மாறிவிட்டன. பியோர்கனுக்கு முந்தைய தலைமுறைப் பெண்களுக்கு ஓடுவதற்குப் போட்டிகளே குறைவு.

ஊக்கமருந்து விதிகளும் வாதத்துக்குள் வந்துவிட்டன. உதட்டுக்குப் பூசிய களிம்பில் இருந்த தடைப்பொருளால் நெடுந்தொலைவு வீராங்கனை தெரேசெ யோஹவுக் 2016 முதல் 18 மாதம் தடைசெய்யப்பட்டார். திரும்பி வந்து 2022இல் மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்றார். அவரை எந்த வரிசையில் வைப்பது என்பதில் ரசிகர்கள் இரண்டுபட்டே நிற்கிறார்கள்.

குன்றில் ரசிகர்கள்

ஹோல்மென்கொல்லனின் 50 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு முந்தைய இரவே பலர் அருகிலுள்ள ஃப்ரொக்னர்சேத்தரன் பக்கத்துக் காட்டில் கூடாரம் அடிக்கிறார்கள். விறகு மூட்டி சாசேஜ் வாட்டி, ஆரஞ்சு உரித்து, கொடியும் மணியுமாக ஓடுபாதை ஓரம் நிற்கிறார்கள். வீரர்கள் சுற்றிச் சுற்றி வருவதால், ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைப்பட்ட நேரம் முழுக்கப் பேச்சுதான். தாத்தா டேலிக்காகப் பேச, பேரன் கிளேபோவை விட்டுக்கொடுக்க மாட்டான்.

ஒரே பெயரில் இந்த விவாதம் முடிந்ததில்லை; முடியவும் தேவையில்லை. நூறாண்டுப் பேச்சால் நார்வே பெற்ற பெரிய பயன், பழைய கணக்கைத் திறந்து பார்க்கும் பழக்கம். ஹாவுக்கின் வெண்கலம் உரியவரிடம் சேர்ந்ததும், பெண்களுக்கு மறுக்கப்பட்ட தூரங்கள் பேசுபொருளானதும் அந்தப் பழக்கத்தின் விளைவுகளே. ஒவ்வொரு காலத்திலும் யாருக்கு எத்தனை வாய்ப்புகள் கிடைத்தன என்பதையும் சேர்த்து எண்ணினால்தான் தலைசிறந்தவர் என்ற பட்டத்துக்குப் பொருள் உண்டு.