நிர்மல் கிராம விருது

நிர்மல் கிராம விருது (நிர்மல் கிராம் புரஸ்கார்) என்பது திறந்தவெளியில் மலம் கழிக்கும் வழக்கத்தை முழுமையாக ஒழித்த ஊராட்சிகளுக்கு இந்திய அரசு வழங்கிய பணப்பரிசு ஆகும். "நிர்மல்" என்னும் இந்திச் சொல் மாசற்ற என்று பொருள்படும். 2003 ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட இவ்விருது, 2005 பெப்ரவரியில் அன்றைய குடியரசுத் தலைவர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாமால் முதன்முறையாக வழங்கப்பட்டது. கழிப்பறை கட்டுவதற்கு முன்கூட்டியே பணம் தருவதற்கு மாறாக, ஊர் முழுவதும் பழக்கத்தை மாற்றிக்கொண்ட பின்னரே ஊருக்குப் பரிசு தருவது இவ்விருதின் தனித்தன்மை.

பின்னணி

இந்திய அரசின் ஊரகத் துப்புரவுத் திட்டம் 1986 இல் தொடங்கியது. இது பெரும்பாலும் வறிய குடும்பங்களுக்கு மானியத்தில் கழிப்பறை கட்டித்தரும் திட்டமாகவே இருந்தது. கேட்காமல் கிடைத்த கழிப்பறைகள் பல விறகு அடுக்கவும் ஆடு கட்டவும் பயன்பட்டன. 1999 இல் இத்திட்டம் முழுச் சுகாதார இயக்கம் என மாற்றியமைக்கப்பட்டபோது மானியம் குறைக்கப்பட்டது. மக்களிடையே விழிப்புணர்வு ஏற்படுத்துவதற்கு முதன்மை தரப்பட்டது.

தனி வீட்டுக்கு அன்றி ஊருக்குப் பரிசு தருவதற்கு நோய் பரவும் முறையே காரணம். மலத்திலுள்ள கிருமிகள் நீர், ஈ, கை, கால், மண் ஆகியவற்றின் வழியாக உணவையும் குடிநீரையும் அடைகின்றன. ஒரு வீட்டார் கழிப்பறையைப் பயன்படுத்தினாலும், பக்கத்து வீட்டார் ஏரிக்கரைக்குச் செல்லும்வரை அவ்வீட்டுக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வரும் வாய்ப்பு நீங்குவதில்லை. எனவே கழிப்பறை கட்டுபவர் செலவைத் தாமே ஏற்கிறார்; பயனில் பெரும்பகுதி ஊருக்குப் போகிறது. இத்தகைய நிலையில் தனி மனிதர் தம் நலன் கருதி மட்டும் மாறுவார் என எதிர்பார்ப்பதற்கில்லை.

இதற்கு முன்மாதிரி மகாராட்டிரத்தில் இருந்தது. ஊர் ஊராகத் துடைப்பத்துடன் சென்று தெருவைப் பெருக்கிய துறவி காட்கே பாபாவின் (1876-1956) பெயரில், அம்மாநில அரசு 2000 ஆம் ஆண்டு ஊர்த் தூய்மைப் போட்டி ஒன்றைத் தொடங்கியது. வெற்றி பெறும் ஊர்கள் சிலவே. ஆயினும் போட்டியிட்ட ஊர்கள் அனைத்திலும் மக்கள் தம் உழைப்பையும் பணத்தையும் செலவிட்டனர். அரசுக்கு இது மிகச் சிக்கனமான வழி.

விதிகளும் பரிசுத்தொகையும்

ஊராட்சியிலுள்ள எல்லா வீடுகளிலும், பள்ளிகளிலும், அங்கன்வாடிகளிலும் கழிப்பறை இருந்து பயன்பாட்டில் இருக்க வேண்டும். யாரும் திறந்தவெளிக்குச் செல்லக்கூடாது. ஊராட்சியின் விண்ணப்பம் ஒன்றியம், மாவட்டம், மாநிலம் வழியாக மத்திய அரசுக்குச் சென்றது. ஊருக்குத் தொடர்பில்லாத அமைப்பினர் நேரில் வந்து சரிபார்த்தனர். கிடைத்த தொகையை ஊரின் சுகாதாரப் பணிகளுக்கே செலவிட வேண்டும். ஒன்றியங்களுக்கும் மாவட்டங்களுக்கும் தனிப் பரிசுகள் இருந்தன.

திருத்தப்பட்ட விதிகளின்படி ஊராட்சிக்கான பரிசு மக்கள்தொகையைப் பொறுத்து அமைந்தது:

1,000 க்குக் குறைவு - 50,000 ரூபாய்
1,000 முதல் 1,999 வரை - 1 இலட்சம்
2,000 முதல் 4,999 வரை - 2 இலட்சம்
5,000 முதல் 9,999 வரை - 4 இலட்சம்
10,000 மற்றும் அதற்கு மேல் - 5 இலட்சம்

இப்படிநிலைகளால் ஒரு விந்தை நேர்ந்தது. 4,999 பேர் உள்ள ஊராட்சிக்குத் தலைக்கு ஏறத்தாழ 40 ரூபாய். ஒருவர் கூடினால் 80 ரூபாய். ஆய்வாளர்களுக்கு இது எதிர்பாராத வசதியாயிற்று. எல்லைக்கோட்டின் இருபுறமும் உள்ள ஊர்கள் மற்ற எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒத்தவை. ஆகவே அவற்றின் குழந்தைகளிடையே காணும் வேறுபாட்டுக்குப் பரிசுத்தொகையே காரணம் எனக் கருதலாம். பொருளியலாளர் டீன் இசுப்பியர்சு இம்முறையையும் வேறு சில முறைகளையும் கையாண்டு, முழுச் சுகாதார இயக்கம் குழந்தை இறப்பைக் குறைத்தது என்றும் குழந்தைகளின் உயரத்தைக் கூட்டியது என்றும் 2012 இல் முடிவு கூறினார்.

வளர்ச்சி

2005 இல் 40 விருதுகள் மட்டுமே வழங்கப்பட்டன. தமிழ்நாடு, மகாராட்டிரம், மேற்கு வங்காளம் ஆகிய மாநிலங்களின் ஊராட்சிகள் அவற்றுள் இருந்தன. 2006 இல் எண்ணிக்கை 769 ஆனது; 2007 இல் 4,900 ஐயும் 2008 இல் 12,000 ஐயும் தாண்டியது. பின்னர் குறையத் தொடங்கியது. 2011 வரை மொத்தம் 28,000 க்கும் மேற்பட்ட ஊராட்சிகள் விருது பெற்றன. மூன்றே ஆண்டுகளில் நாற்பதிலிருந்து பன்னிரண்டாயிரம் என்பது பழக்கம் மாறும் வேகத்தைவிடச் சான்றிதழ் வழங்கும் வேகத்தையே காட்டுகிறது எனலாம்.

குறைபாடுகள்

விருது பெற்ற 162 ஊராட்சிகளை ஆறு மாநிலங்களில் ஆராய்ந்து, யுனிசெப் நிறுவனத்துக்காகத் தயாரிக்கப்பட்ட 2008 ஆம் ஆண்டு அறிக்கை, அவற்றுள் 6 மட்டுமே திறந்தவெளி மலங்கழிப்பு முற்றிலும் இல்லாதவை எனக் கண்டது. கழிப்பறை இருந்த வீடுகளிலும் அதைப் பயன்படுத்தாதோர் பலர் இருந்தனர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய ஊரகப் பகுதிகளில் 30.7 விழுக்காடு வீடுகளிலேயே கழிப்பறை இருந்தது. அரசின் கணக்கு இதைப்போல் இருமடங்குக்கும் மேல் காட்டியிருந்தது. விருதில் முன்னணியில் நின்ற மகாராட்டிரத்தில் இது 38 விழுக்காடு. தமிழ்நாட்டு ஊரகத்தில் 23.2 விழுக்காடு மட்டுமே. கேரளத்திலோ 93 விழுக்காட்டை எட்டியிருந்தது.

பரிசு ஒருமுறை தரப்படுவது. பழக்கம் நாள்தோறும் தொடர வேண்டியது. சரிபார்க்கும் குழு வந்து சென்றபின் ஊராட்சிக்கு இழப்பதற்கு எதுவும் இருக்கவில்லை. குழி நிறைந்ததும் சிக்கல் முற்றியது. பரிந்துரைக்கப்பட்ட இரட்டைக் குழிக் கழிப்பறையில் ஒரு குழி நிறைந்தால் அதை மூடிவிட்டு மற்றதைப் பயன்படுத்த வேண்டும்; மூடிய குழியிலுள்ளது ஓரிரு ஆண்டுகளில் மக்கி உரமாகும். ஆனால் அதை அள்ளுவது சாதியோடு பிணைக்கப்பட்ட வேலையாகவே பார்க்கப்பட்டதால், குழி விரைவில் நிறைந்துவிடும் என்னும் அச்சத்தில் பலர் கழிப்பறையைப் பூட்டி வைத்தனர். தண்ணீர்த் தட்டுப்பாடும் ஒரு காரணம்.

மற்றொரு குறை அதிகம் பேசப்படாதது. "எல்லா வீடுகளும்" என்னும் விதியால், கடைசியாக எஞ்சும் வீடே பரிசைத் தடுக்கும் வீடாகிறது. பெரும்பாலும் அது நிலமோ பணமோ இல்லாதவரின் வீடு. தண்டம் விதித்தல், அரசு உதவிகளை நிறுத்துவதாக மிரட்டுதல், வெளியே செல்வோரைப் பலர் முன் அவமதித்தல் ஆகியன இந்தியாவின் துப்புரவு இயக்கங்களில் பதிவாகியுள்ளன.

மாற்று முறைகள்

வங்காளதேசத்தின் இராச்சாகி மாவட்டத்தில் 1999-2000 காலப்பகுதியில் கமல் கர் உருவாக்கிய சமூகம் சார் முழுத் துப்புரவு முறையில் பணமே இல்லை. ஊர் மக்கள் தாம் மலம் கழிக்கும் இடங்களைத் தாமே வரைபடமாக்கி, அது உணவை எவ்வாறு அடைகிறது எனக் கண்டு அருவருப்பு அடைவதே அதன் உந்துவிசை.

திருச்சிராப்பள்ளி மாவட்டம் முசிறியில் தொண்டு நிறுவனம் ஒன்று நேரெதிர் வழியில் சென்றது. அங்கு 2008 அளவில், மலத்தையும் சிறுநீரையும் தனித்தனியே சேகரிக்கும் பொதுக் கழிப்பறையைப் பயன்படுத்துவோருக்கு ஒவ்வொரு முறையும் 10 காசு கணக்கில் வைக்கப்பட்டது. சேகரித்த சிறுநீர் உரமாகப் பயன்பட்டது. தொகை மிகச் சிறிது. ஆயினும் நிர்மல் விருதைப் போலன்றி, பயன்பாடு நின்றால் இப்பணமும் நின்றுவிடும்.

பிந்தைய நிலை

2012 இல் முழுச் சுகாதார இயக்கம் நிர்மல் பாரத் இயக்கம் ஆனது. 2014 அக்டோபர் 2 அன்று தூய்மை இந்தியா இயக்கம் அதன் இடத்தைப் பிடித்தது. இதில் ஊக்கத்தொகை மீண்டும் குடும்பத்தின் கைக்குச் சென்றது: கழிப்பறை ஒன்றுக்கு 12,000 ரூபாய். 2019 அக்டோபரில் ஊரக இந்தியா திறந்தவெளி மலங்கழிப்பு அற்றது என அறிவிக்கப்பட்டது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், நாட்டின் 19 விழுக்காடு வீடுகள் எவ்வகைக் கழிப்பறையையும் பயன்படுத்தவில்லை எனப் பதிவாயிற்று.