ஆற்றுப்படுத்துதல்
விழுப்புரம் பக்கம் ‘கவுன்சிலிங்’ என்றால் பொறியியல் சீட்டும் ஆசிரியர் இடமாறுதலும்தான் நினைவுக்கு வரும். புற்றுநோய் முற்றியவரின் மனத்துணைக்கும் அதே சொல்லா? ‘ஆலோசனை’யும் சரிப்படவில்லை. அந்த நிலையில் இருப்பவருக்கு நாம் சொல்ல என்ன யோசனை இருக்கிறது? கேட்கத்தான் ஆள் வேண்டும். இலங்கையில் ‘உளவளத்துணை’ என்கிறார்கள். அதில் ‘துணை’ எனக்குப் பிடிக்கும். ஆனாலும் என் ஓட்டு ‘ஆற்றுப்படுத்துத’லுக்கே. ஆறு என்றால் வழி. பரிசு பெற்ற கலைஞன், வாடிய இன்னொருவனை வள்ளலிடம் வழிப்படுத்துவது ஆற்றுப்படை. சிறுபாணாற்றுப்படை பாடும் நல்லியக்கோடனின் ஓய்மாநாடு இந்தச் சீமைதான். அவனுடைய கிடங்கில் இன்று திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கல். நம் காதுக்கோ இச்சொல்லில் ‘ஆற்றுத’லும் கேட்கிறது: புண்ணை ஆற்றுவது, துயரை ஆற்றுவது, ஆறுதல். ஆற்றுதலுக்குப் பொறுத்தல் என்றும் பொருள் உண்டு. ஆற்றாமை அதன் மறுபக்கம். வேர் வேறு என்று புலவர்கள் திருத்தலாம், திருத்தட்டும். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டுக்கே கொண்டுவரும் சேவைகளில் நோய் ஆதரவு சிகிச்சையும் ஒன்று. கட்டிலருகே உட்கார்ந்து பேச்சுக் கொடுக்கும் செவிலியரின் வேலைக்கு இந்தச் சொல் பொருந்தும். நீளம்தான்; வாய் ‘கவுன்சிலிங்’ என்றே சொல்லும், படிவத்திலாவது மாற்றலாம்.