சொல் அறிவோம்: கண்ணீர்தூண்டி

கண்ணிலுள்ள நரம்பு முனைகளை உறுத்தி, எரிச்சலும் கண்ணீரும் வரச்செய்யும் வேதிப்பொருளை 'லாக்ரிமேட்டர்' என்கிறது அறிவியல். கண்ணீரைக் குறிக்கும் 'லாக்ரிமா' என்னும் இலத்தீன் சொல்லே இதன் வேர். தமிழில் இதைக் 'கண்ணீர்தூண்டி' எனலாம்.

கண்ணீர்தூண்டி நம் அடுக்களையிலேயே இருக்கிறது. வெங்காயத்தை வெட்டும்போது அதன் செல்கள் சிதைந்து, நொதிகளின் வினையால் கந்தகம் கலந்த ஒரு சேர்மம் ஆவியாக எழுந்து கண்ணை எட்டுகிறது. கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, போளூர் பகுதிகளில் விளைந்து, 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு வெங்காயத்தின் உறவுதான். காரமும் நெடியும் மிகுந்திருந்தும் அது வெங்காயம்போல் அழவைப்பதில்லை. அந்தக் குறிப்பிட்ட சேர்மத்தை உண்டாக்கும் நொதி பூண்டில் இல்லை. ஆகவே நெடியுள்ள எல்லாம் கண்ணீர்தூண்டி ஆகிவிடாது.

காவல்துறை பயன்படுத்துவது வேறு வகை. இன்று உலகெங்கும் பரவலாக உள்ள 'சி.எஸ்.' என்னும் பொருளை 1928இல் அமெரிக்காவின் கார்சன், ஸ்டாட்டன் என்னும் இருவர் உருவாக்கினர். அவர்களின் பெயர்களின் முதலெழுத்துகளே அதன் பெயராயின. இயல்பு வெப்பநிலையில் அது வாயு அன்று, திடப்பொருள். குண்டு எரியும்போது நுண்துகள்களாகக் காற்றில் பரவுகிறது. எனவே ஆங்கிலத்தில் 'கண்ணீர் வாயு' எனப் பொருள்படும் பெயரைவிட, தமிழில் வழங்கும் 'கண்ணீர்ப்புகை' என்பதே உண்மைக்கு நெருக்கமானது.

இந்தத் துல்லியம் ஏன் வேண்டும்? 1993ஆம் ஆண்டின் வேதி ஆயுத உடன்படிக்கை, இப்பொருள்களைப் போர்முறையாகப் பயன்படுத்துவதைத் தடை செய்கிறது. உள்நாட்டுச் சட்டம் ஒழுங்குப் பணிக்கு அனுமதிக்கிறது. இந்தியாவும் இதில் உறுப்பு நாடு. கலகக் கட்டுப்பாட்டுப் பொருளுக்கு அது தரும் வரையறையில், தாக்கம் நின்றதும் குறுகிய நேரத்தில் விளைவுகள் மறைந்துவிட வேண்டும் என்பது முக்கியக் கூறு. 'தாக்கம் நின்றதும்' என்ற நிபந்தனையை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். திறந்த சாலையில் நிற்பவர் ஓடித் தப்பலாம். நெருக்கமான குடியிருப்பில், ஒற்றைக் கதவுள்ள வீட்டுக்குள் புகை புகுந்தால் குழந்தையும் முதியவரும் ஆஸ்துமா நோயாளியும் எங்கே போவர்? துகள்கள் துணியிலும் தரையிலும் படிந்து நிற்கும் வரை தாக்கமும் நிற்பதில்லை. சேரிகளும் குப்பங்களும் இப்படித்தான் கட்டப்பட்டிருக்கின்றன.

2017 சனவரி 23 அன்று மெரினா போராட்டம் கலைக்கப்பட்டபோது கண்ணீர்ப்புகைக் குண்டுகள் வீசப்பட்டன. அன்று நடுக்குப்பம் மீன்சந்தை எரிந்தது. காவலர்களே ஏதோ ஒரு தூளைத் தூவித் தீயிட்டதாக மக்கள் குற்றம் சாட்டினர். கண்ணீர்தூண்டி வேறு, தீமூட்டும் பொருள் வேறு. இரண்டையும் 'ரசாயனம்' என்ற ஒரே சொல்லில் அடக்கினால் விசாரணையில் சாட்சியம் வலுவிழக்கும்.

'கண்ணீர்ப்புகைக் குண்டு வீசப்பட்டது' என்று செய்திகள் எழுதுகின்றன. யார் ஆணையிட்டார், எத்தனை குண்டுகள், எந்தத் தெருவில் என்பவை அந்த வாக்கியத்தில் இல்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 129ஆம் பிரிவின்படியும், 2024 சூலை முதல் அதன் இடத்தில் வந்துள்ள நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 148ஆம் பிரிவின்படியும், கலைந்து செல்லுமாறு ஆணையிட்ட பின்னும் கலையாவிட்டால், அல்லது கலையப்போவதில்லை என்பது நடத்தையால் தெளிவானால், பலத்தைப் பயன்படுத்தலாம். ஆணை பிறந்ததா என்பதே ஆகவே முதல் கேள்வி.

களத்தில் நிற்போர் நினைவில் கொள்ள வேண்டியவை சில. கண்ணைத் தேய்க்கக் கூடாது. காற்று வரும் திசை நோக்கி, மேடான இடத்துக்கு நகர வேண்டும். புகை தாழ்விடங்களில் தங்கும். கண்ணை நிறைய தூய நீரால் கழுவி, உடையை மாற்ற வேண்டும். மூச்சுத்திணறல் நீடித்தால் மருத்துவமனைக்குச் சென்று, நேர்ந்ததைப் பதிவேட்டில் எழுதச் செய்ய வேண்டும். வெடித்த குண்டின் ஓட்டை வெறுங்கையால் தொடாமல், அதில் அச்சிட்ட எழுத்துகள் தெரியும்படி படமெடுத்து, நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

கண்ணீர் வடிந்து காய்ந்துவிடும். எந்தப் பொருளால், யார் ஆணையால், எந்தத் தெருவில் அது வந்தது என்னும் குறிப்பே நாளை ஆணையத்தின் முன் நமக்காகப் பேசும்.