விற்ற காரின் பாலிசி யாருடையது? – ஒரு சிறு வரலாறு

காரை விற்கும்போது சாவியையும் ஆர்.சி.யையும் கொடுத்துவிட்டு, "இன்ஷூரன்ஸ் இன்னும் எட்டு மாசம் இருக்கு, நீங்களே வச்சுக்குங்க" என்று சொல்வது நம் வழக்கம். வாங்குகிறவருக்கும் அதில் திருப்தி. ஆனால் பாலிசி, டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னி மாதிரி வண்டியோடு போகிற சாமான் அல்ல. அது ஒரு நபருக்கும் ஒரு கம்பெனிக்கும் இடையிலான ஒப்பந்தம். வண்டி கைமாறினால் அந்த ஒப்பந்தம் என்ன ஆகும் என்பதற்குச் சட்டம் சொல்லிவந்த பதில் பலமுறை மாறியிருக்கிறது.

நம் சட்டத்துக்கு மூலம் இங்கிலாந்து. அங்கே 1930ஆம் ஆண்டுச் சட்டம் மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. மூன்றாம் நபர் என்றால் உங்கள் வண்டியால் அடிபடுகிறவர். அங்கே ஒருவர் தன் வேனை விற்று, பாலிசியையும் கூடவே கொடுத்துவிட்டார். வாங்கியவர் ஓட்டியபோது விபத்து. அடிபட்டவர் கம்பெனியிடம் நஷ்டஈடு கேட்டார். கம்பெனி ஒப்பந்தம் செய்தது விற்றவரோடுதான், வாங்கியவரோடு அல்ல என்று 1938இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. தர்க்கம் சரிதான். ஆனால் வேன் யாருடையது என்று விசாரித்துவிட்டா ஒருவர் அதில் அடிபடுகிறார்?

நம் நாட்டில் மோட்டார் வாகனச் சட்டம் 1939இல் வந்தது. கட்டாயக் காப்பீட்டுப் பகுதி 1946இல்தான் அமலானது. விற்பனை பற்றிய விதி வர மேலும் 20 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1969 திருத்தத்தில் 103-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். விற்பவர் கம்பெனிக்கு விண்ணப்பிக்க வேண்டும். 15 நாளுக்குள் கம்பெனி மறுக்காவிட்டால் பாலிசி வாங்கியவர் பெயருக்கு மாறியதாகக் கொள்ளப்படும். விண்ணப்பமே போடாவிட்டால்? அதில் உயர் நீதிமன்றங்கள் ஆளுக்கொரு விதமாகத் தீர்ப்பளித்தன. பழைய சட்டத்தின் கீழும் தகவல் தராததைக் காட்டி அடிபட்டவருக்குக் கம்பெனி கையை விரிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1999இல்தான் முடித்துவைத்தது.

அதற்குள் புதிய சட்டம் வந்துவிட்டது. 1989 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 157ஆம் பிரிவு, வண்டி கைமாறிய தேதியிலிருந்தே பாலிசியும் மாறியதாகக் கொள்ளச் சொல்கிறது. வாங்கியவர் 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதிப் பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும்.

இதைப் படித்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. தானாக மாறுவது மூன்றாம் நபர் பகுதி மட்டும்தான் என்று 1995 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு, அதாவது ஓன் டேமேஜ், தனி ஒப்பந்தம். கம்பெனி சம்மதித்து மாற்றித் தந்தால்தான் உண்டு. ஆகவே பெயர் மாற்றாத காரை வாங்கியவர் சுவரில் மோதினால், சுவர்க்காரருக்குப் பணம் கிடைக்கும், பம்பருக்குக் கிடைக்காது. விற்றவரும் கேட்க முடியாது, வண்டி அவருடையது இல்லையே.

நோ கிளெய்ம் போனஸிலும் இதே குழப்பம். அது வண்டிக்கு அல்ல, ஆளுக்கு உரியது. 2002ஆம் ஆண்டு டாரிஃப் இதை வெளிப்படையாகவே எழுதிவைத்தது. ஓன் டேமேஜ் பிரீமியம் 12,000 ரூபாய், உங்கள் போனஸ் 50 சதவீதம் என்றால் நீங்கள் கட்டியது 6,000. வாங்கியவருக்குச் சொந்தமாகப் போனஸ் இல்லாமல் பாலிசியில் எட்டு மாதம் பாக்கி இருந்தால், பெயர் மாற்றும்போது அவர் 4,000 ரூபாய் வித்தியாசம் கட்ட வேண்டும். பலர் பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடுவதற்கு இதுவே காரணம் என்பது என் எண்ணம். விற்றவர் கம்பெனியிடம் போனஸ் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொண்டால், மூன்று ஆண்டுக்குள் எடுக்கும் அடுத்த காருக்கு அதைப் பயன்படுத்தலாம்.

விற்றவர்கள் கவனிக்க வேண்டிய தீர்ப்பு 2018 பிப்ரவரியில் வந்தது. 2007இல் விற்ற கார் அடுத்தடுத்துப் பல கை மாறியது. எவரும் ஆர்.டி.ஓ. பதிவில் பெயர் மாற்றவில்லை. 2009இல் நடந்த விபத்தில் ஒரு சிறுவன் இறந்தான். யார் உரிமையாளர்? சட்டத்தின் 2(30) பிரிவுப்படி யார் பெயரில் பதிவு இருக்கிறதோ அவரே என்றது உச்ச நீதிமன்றம். இரண்டு ஆண்டுக்கு முன்பே காரை விற்றுவிட்டவர் மீது பொறுப்பு விழுந்தது. பிள்ளையை இழந்த குடும்பத்தை, வண்டி எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போனது என்று தேடி அலைய விட முடியாது என்பதே காரணம். வங்கியில் வேலை பார்த்த எனக்கு இதில் வியப்பில்லை. லெட்ஜரில் யார் பெயரோ அவர்தான் எங்களுக்கும் வாடிக்கையாளர்.

இப்போது அந்த எட்டு மாதத்தை நினைத்துப் பாருங்கள். அதுவரை பாலிசி இருக்கிறது. விபத்து நடந்தால் கம்பெனி கொடுக்கும். ஒன்பதாவது மாதம் வாங்கியவர் புதுப்பிக்காமல் ஓட்டி யாரையாவது இடித்தால், நஷ்டஈட்டு நோட்டீஸ் ஆர்.சி.யில் உள்ள விலாசத்துக்கு வரும்.

ஆகவே ஃபார்ம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு விடாதீர்கள். அதே மாநிலத்துக்குள் என்றால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிப்பது விற்றவரின் கடமை. தேதியும் நேரமும் போட்ட டெலிவரி நோட், வாங்கியவர் ஆதார் நகல், கம்பெனிக்கு எழுதிய கடிதம் ஆகியவற்றை ஒரே ஃபைலில் வையுங்கள். பழைய கார் டீலரிடம் விடுபவர்களுக்கு 1.4.2023 முதல் ஒரு வசதி உண்டு. அங்கீகாரம் பெற்ற டீலர் என்றால், வண்டியை ஒப்படைத்ததைப் பரிவாகன் தளத்தில் பதிந்ததும் பொறுப்பு அவருடையதாகிறது. அங்கீகாரச் சான்றிதழைக் காட்டச் சொல்லிவிட்டுப் பிறகு விலை பேசுங்கள். பெயர் மாறியதா என்று ஒரு மாதம் கழித்து அதே தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.